ராக்கம்மா டாக்டர் எழுதுன தப்புச் சீட்டு

"சவரியண்ணே, உங்கள அறுத்து உள்ள என்ன இருக்குன்னு பாக்காம நான் கண்ண மூட மாட்டேன்"னு எங்கிட்ட எத்தனையோ தடவ சொன்ன பொம்பளை. அதுனால, போன வியாழக்கெழம தங்கச்சிமடத்துக் கரையில வலையில சிக்குன நண்டப் பிச்சு எடுத்துக்கிட்டு இருந்தப்ப, தபால்காரப் பய கடுதாசியப் படிச்சு, "ராக்கம்மா டாக்டர் தவறிட்டாகளாம்"னு சொன்னதும் நான் நம்பல. "ஏலே, ஒழுங்காப் படி, செத்தது நானா இருக்கும்"னேன். மறுபடி படிச்சான். அவுகதான்.

கடுதாசி போட்டது அவுககிட்டப் படிச்ச டாக்டர் ஒருத்தரு. காலேஜுல கூட்டம் வச்சிருக்கோம், நீங்களும் ரெண்டு வார்த்தை எழுதிட்டு வாங்கன்னு கேட்டிருந்தாரு. நான் படிச்சது மூணாங்கிளாசு. அதுலயும் பாதி நாளு கடல்ல. ஆனா உங்கள்ல பாதிப் பேரு மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே நான் உங்க காலேஜுக்கு வந்துட்டுப் போறவன். அந்த உரிமையில எழுதுறேன். எழுத்துப் பிழைய மன்னிச்சுக்கங்க. உங்க பிழைய எல்லாம் நான் மன்னிச்சிருக்கேன்.

தெரியாதவுகளுக்குச் சொல்லுறேன். எனக்கு நெஞ்சு, அதான் உள்ள அடிக்கிற இருதயம், வலப்பக்கம். பிறவியிலயே அப்பிடி. நோயில்ல, நொடியில்ல, ஆண்டவர் வீடு கட்டுறப்ப சமையக்கட்ட மாத்தி வச்சுட்டாரு, அவ்வளவுதான். இது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. தெரியாமப் போனதுக்குக் காரணம் ராக்கம்மா டாக்டர். தெரிஞ்சதுக்கும் அவுகதான்.

வெள்ளைக்காரன் போயி ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். தனுஷ்கோடி ஜெட்டியில கப்பல் சாமான் ஏத்தி எறக்குற கலாசி வேலைக்கு ஆள் எடுத்தாக. ஒடம்பு நல்லாருக்குன்னு டாக்டர் சீட்டு வேணும். தீவுக்கு அக்கரையில இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையோட வாலு கேட்டுக்கு வெளிய நின்னுச்சு. உள்ள நாக்காலியில ஒரு சின்னப் பொண்ணு. கடலாடிப் பக்கத்துல வெள்ளாம பண்ணுற சம்சாரி மக, டாக்டருக்குப் படிச்சு வந்து ஒரு மாசம் ஆகல.

"சட்டையக் கழட்டுங்க"ன்னாக.

"பொம்பளைப் பிள்ளைக்கு முன்னால சட்டை கழட்டுறது எங்க ஊர் வழக்கம் இல்ல தாயி"ன்னேன்.

சுத்தப் பொய். கரையில நாளெல்லாம் கோவணத்தோட திரியிறவன் நான். விசயம் என்னன்னா, சட்டை எம் மச்சானுது, இரவலு. உள்ள கெடந்த பனியன்ல துணியவிட ஓட்டை சாஸ்தி. அவுகளுக்கும் கூச்சம், பின்னால வரிசை வேற கத்துது. சட்டைக்கு மேலயே இடப்பக்கம் டெதஸ்கோப்ப வச்சாக. அங்கன சட்டைச் சேப்புல ஒரு கட்டு பீடி. பீடிக்கட்டோட நெஞ்சு நல்லாத்தான் இருந்திருக்கும். 'நார்மல்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாக. நானும் கலாசி ஆயிட்டேன்.

ஆறேழு வருசம் கழிச்சு, ஜெட்டியில கயிறு அறுந்து ஒரு பெட்டி வந்து நெஞ்சுல மோதுச்சு. விலா எலும்பு போச்சு. ரயில்ல ஏத்தி காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. அங்கன இதே ராக்கம்மா டாக்டர். மேல்படிப்பு முடிச்சு வந்திருந்தாக. அன்னைக்குச் சட்டை கழட்டுறதுக்கு என்னைய யாரும் கேக்கல, கத்திரியால வெட்டிட்டாக. இடப்பக்கம் வச்சாக. நின்னாக. வலப்பக்கம் வச்சாக. ரொம்ப நேரம் டெதஸ்கோப்ப எடுக்கவே இல்ல.

"அண்ணே, இதுக்கு முந்தி உங்க நெஞ்ச எந்த டாக்டரும் பாக்கலயா?"

"பாத்தாக தாயி. நல்லாருக்குன்னு எழுதியே குடுத்திருக்காக"ன்னு சொல்லி, மடியில மெழுகுத்துணியில சுத்தி வச்சிருந்த சீட்ட எடுத்து நீட்டுனேன். அது தொலஞ்சா வேலை போயிரும்னு எப்பவும் மடியிலதான் வச்சிருப்பேன்.

படிச்சாக. கீழ கையெழுத்தப் பாத்தாக. கிழிச்சு எறிவாகன்னு நெனச்சேன். மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாக.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணே. ஆனா நான் கேக்காத சத்தத்தக் கேட்டதா எழுதியிருக்கேன். உள்ள நோய் இருந்திருந்தா நான் உங்களக் கொன்னுருப்பேன்."

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலயே."

"அது உங்க அதிர்ஷ்டம். என் கெட்டிக்காரத்தனம் இல்ல."

கட்டு அவுத்து நான் ஊருக்குக் கெளம்பையில வந்து, "மாசம் ஒரு தடவ வர முடியுமா? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தணும், நீங்கதான் பொஸ்தகம்"னாக. பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகாத பயலப் பொஸ்தகமாவே ஆக்கிட்டாக.

ஆனா பாடம் நடத்த அவுகளுக்கு எடம் யாரு குடுத்தா? வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாக. பெரிய டாக்டருமாரு சொன்னது, "பொம்பளைக்குப் பிரசவ வார்டு இருக்கு. ஆம்பளை வார்டுல நின்னு ஆம்பளைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முடியுமா?" இந்தம்மா விடல. "முடியுமா முடியாதான்னு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டாக. அவுகள்ல மூணு பேரு வந்து உக்காந்து பாக்குறது, ஒரு வகுப்பு, அதுல தோத்தா ஆயுசுக்கும் பிரசவ வார்டு. அவ்வளவுதான் பேச்சு.

அன்னைக்கு என்னையக் கட்டில்ல உக்கார வச்சு, "வாயத் தொறக்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது"ன்னு கட்டளை. மொதோக் கட்டளை கஷ்டம், ரெண்டாவது அதவிடக் கஷ்டம். ஒரு பையன் வந்து இடப்பக்கம் வச்சான், "நார்மல்"னான். இன்னொருத்தன் வச்சான், "நார்மல்." பாக்க வந்த மூணு பெரிய டாக்டர்ல மூத்தவரு, வழுக்கைத் தலை, எந்திரிச்சு வந்தாரு. என்ன விசேசம்னு பாப்போம்னு அவரும் இடப்பக்கமே வச்சாரு. "இதுல பாடம் நடத்த என்ன இருக்கு, நல்லாத்தான இருக்கு"ன்னாரு.

எனக்கு வயிறு குலுங்குது. ராக்கம்மா டாக்டர் சிரிக்கல. அந்த நேரத்துல அவர மடக்கியிருக்கலாம். மடக்கியிருந்தா வார்டே கை தட்டியிருக்கும், வேலையும் போயிருக்கும். அவுக என்னையப் பாத்து, "அண்ணே, அந்தச் சீட்டு"ன்னாக. குடுத்தேன். அவரு கையில குடுத்தாக.

"இதுவும் நார்மல்னுதான் இருக்கு சார். எழுதுனது நான். இவரு சட்டையக் கழட்ட மாட்டேன்னாரு, எனக்கும் கூச்சம், வரிசையும் நீளம். கேக்காம எழுதிட்டேன். இப்ப வலப்பக்கம் வச்சுப் பாருங்க."

வச்சாரு. வழுக்கையில வேர்வை அரும்புனத நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அந்தப் பையங்களும் ஒவ்வொருத்தனா வச்சானுக. வார்டுல ஒரு சத்தம் இல்ல, என் நெஞ்சத் தவிர.

அவரு குழலக் காதுல இருந்து எடுத்துட்டுக் கேட்டாரு: "இந்தச் சீட்ட எதுக்கும்மா எங்கிட்டக் காட்டுன? இத வச்சே நீ வேண்டாம்னு எழுதலாமே."

"எழுதுங்க சார். இந்தத் தப்ப இந்தப் பிள்ளைக என் சீட்டப் பாத்துக் கத்துக்கிட்டா, இன்னொரு சீட்டு எழுத மாட்டாக. அதுக்குத்தான் இந்த வேலையக் கேக்குறேன்."

வேலை குடுத்தாக. முழுசா இல்ல, 'தற்காலிகம்'னு ஒரு வாலு ஒட்டிக் குடுத்தாக. அந்த வாலு வருசக்கணக்கா அறுபடல. கூடப் படிச்சவுக எல்லாம் சொந்த ஆஸ்பத்திரி, காரு, தோட்டம்னு போயிட்டாக. இந்தம்மா காலையில ஆறு மணிக்கு, வார்டு முழிக்கிறதுக்கு முந்தி, பிள்ளைகளக் கட்டிலச் சுத்தி நிறுத்திருவாக. அப்பறந்தான் நோயாளி பாக்குறது. வேற வார்டுக்குப் பாடம் போயிருச்சுன்னு ஒரு வருசம், பேரு லிஸ்டுல இல்லன்னு ஒரு வருசம், வகுப்பப் பிடுங்கிருவாக. ஒவ்வொரு தடவையும் இந்தம்மா போயி நின்னு திருப்பி வாங்கிட்டு வருவாக.

ஒருநா நான் சும்மா இருக்காமச் சீண்டுனேன். "தாயி, இன்னும் தற்காலிகந்தானா? என் நெஞ்சு மாதிரி இடம் மாறியே நிக்கிறீகளே."

"இடம் மாறி நின்னா என்ன அண்ணே. அடிக்குதா இல்லையா?"

என்னைய வாயடைக்க வச்ச ஆளு ஒலகத்துல ரெண்டே பேரு. ஒண்ணு எம் பொண்டாட்டி.

புயலு வந்து ஜெட்டிய அள்ளிட்டுப் போச்சே, அப்ப நாங்க எல்லாம் மண்டபத்துல கூடாரத்துல கெடந்தோம். இந்தம்மா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்துட்டாக. ஒரு பையன் வரிசையப் பாத்துட்டு, பேரக் கேட்டுக் கேட்டு மாத்திரைய நீட்டிக்கிட்டு இருந்தான். "தம்பி, தொட்டுப் பாத்தியா?"ன்னாக. "கூட்டம் சாஸ்தி மேடம்"னான். "கூட்டம் சாஸ்தின்னுதான் நானும் ஒருத்தருக்கு எழுதிக் குடுத்தேன். அந்தா உக்காந்திருக்காரு, போயிப் பாத்துட்டு வா"ன்னு என்னையக் காட்டுனாக. ஈரத்துணியோட கெடந்த எடத்துலயும் என்னையப் பொஸ்தகமா விரிச்சுட்டாக. வீடு போச்சு, வள்ளம் போச்சு, மடியில இருந்த சீட்டு மட்டும் மெழுகுத்துணிக்குள்ள நனையாமக் கெடந்துச்சு. அந்தப் பையன் படிச்சுட்டு, வரிசையோட மொத ஆளுகிட்டத் திரும்பிப் போனான். இந்தத் தடவ கையப் பிடிச்சுப் பாத்தான்.

அந்தப் பையந்தான் எனக்குக் கடுதாசி போட்ட டாக்டரு. அவரு கடைசியில ஒரு வரி எழுதியிருந்தாரு: அந்தச் சீட்டக் காலேஜுல கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டணும், கொண்டு வந்து குடுங்கன்னு.

தம்பி, தர மாட்டேன். கண்ணாடிக்குள்ள போனா அது சாமி படம் ஆயிரும். கும்பிட்டுட்டுப் போயிருவீக, படிக்க மாட்டீக. கடைசி வரைக்கும் ராக்கம்மா டாக்டர் ஒரு தடவகூட அதக் கேட்டு வாங்கி வச்சுக்கல. ஏன் தாயின்னு கேட்டதுக்கு, "தப்பு நோயாளி கையிலதான் இருக்கணும் அண்ணே, அப்பத்தான் டாக்டருக்குப் பயம் இருக்கும்"னாக. அதுனால அது என் மடியிலதான் இருக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. கடுதாசிய ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன். கூட்டம் எப்ப, மாலை யாரு, தலைமை யாருன்னு எல்லாம் இருக்கு. காலையில ஆறு மணி வகுப்ப இனி யாரு எடுக்குறதுன்னு அதுல இல்ல. அவுக கஷ்டப்பட்டு வாங்குன எடம் ஒரு மாலையோட மூடிப்போனா, பொம்பளையால முடியாதுன்னு அந்தப் பெரிய டாக்டருமாரு மொதல்ல சொன்னதுதான் நெசம்னு ஆயிரும்.

நான் பேச வரல. வாரது பொஸ்தகமா. கூட்டத்துக்கு மறுநா காலையில ஆறு மணிக்கு ஆம்பளை வார்டுல, மொதக் கட்டில்ல உக்காந்திருப்பேன். உங்கள்ல ஒருத்தரு பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. வாயத் தொறக்க மாட்டேன், சிரிக்க மாட்டேன். சட்டையக் கழட்டச் சொல்லவும் வேண்டாம், கழட்டிட்டே உக்காந்திருப்பேன்.