காத்திருந்து முடித்தவள்

காவிரிப் பாலத்தின்மேல் ஜட்கா வண்டி போய்க்கொண்டிருக்கிறது. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நானும் அக்காவும். ஆற்றில் தண்ணீர் இரு கரை தொட்டு ஓடுவதை நான் திரையை விலக்கிப் பார்க்கிறேன். அக்கா பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் விரலால் தாளம்போட்டபடி முணுமுணுக்கிறாள். "ஜாவே அத்தாந்து, துய் ஆவே அத்தாந்து, இல் ஆவே அத்தாந்து…" முதல் முறை கேட்டபோது, நாங்கள் அத்தா என்று கூப்பிடும் எங்கள் அப்பாவைத்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருடங்களில் அக்கா ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாலக்கரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பாள். கல்யாணம் முடிந்த சில மாதங்களில் மச்சான் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே அவருடைய சித்தப்பாவுக்குத் துணிக்கடை. புறப்படும்போது, "அங்க உப்பு வாங்கணும்னாக்கூட பிரெஞ்சு பேசணும். நீ அதைக் கத்துக்கிட்டு இரு, அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அக்கா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். அன்றே தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். மாதத்துக்கு இரண்டு முறையாவது அதைப் பிரித்து மறுபடி அடுக்குவாள்.

ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில், ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மனைவி இருந்தார். காரைக்கால்காரர், அக்காவின் வயதுதான். பிறந்த ஊரில் பேசிய பிரெஞ்சைப் பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அத்தா யார் யாரையோ விசாரித்து, அவரிடம் அக்கா பாடம் கேட்க ஏற்பாடு செய்தார். பாலம் தாண்டி அங்கே போகத்தான் அந்த ஜட்கா, துணைக்கு நான். அக்காவின் மாமியார் மட்டும், "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு வெள்ளைக்காரன் பாஷை?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

அக்கா வெறி பிடித்தவள்போல் படித்தாள். வண்டியில் அவள் முணுமுணுத்த அந்த வினைக்காலத்துக்குப் பாடம் வந்தபோது நானும் அருகில் இருந்தேன். கடந்ததற்கும் முன்னால் கடந்து முடிந்ததைச் சொல்லும் காலம். "ரயில் வந்தப்ப கேட்டை மூடியிருந்தாங்கன்னு சொல்றோம்ல? வந்தது பழசு. மூடினது அதைவிடப் பழசு. அவ்வளவுதாங்க" என்றார் காரைக்கால்காரம்மா. முன்னால் வரும் துணைச்சொல் ஆளுக்கு ஆள் மாறும். பின்னால் வரும் வினை அப்படியே நிற்கும். பெரும்பாலான வினைகளுக்கு இதே வழிதான் என்று சொல்லி, "ஏதாவது ஒரு வினையை எடுத்துக்கங்க" என்றார். அக்கா யோசிக்கவே இல்லை. 'காத்திருத்தல்' என்ற வினையை எடுத்துக்கொண்டாள். அதுதான் அந்த 'அத்தாந்து'.

அந்த வருட மழைக்காலத்தில்தான் கிழக்கே சண்டை மூண்டது. ஜப்பான்காரர்கள் சைகோனில் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். கப்பல் நின்றது, தபாலும் நின்றது. இனி அக்கா பாடத்தை விட்டுவிடுவாள் என்றே எல்லோரும் நினைத்தோம். அவளோ வாரத்துக்கு ஒருமுறை போனவள் இரண்டு முறை போகத் தொடங்கினாள். மாமியார் அழுதார், அக்கா அழவில்லை. அதைக் கல்நெஞ்சு என்றார்கள். அவள் நடை மட்டும் வேகமாகிக்கொண்டே போனது. பக்கத்துப் படுக்கையில் அவள் புரளும் சத்தம் கேட்டால் எனக்கும் தூக்கம் வராது. என்ன நடக்கவேண்டும் என்று தெரியாமலேயே ஏதாவது நடந்தால் போதும் என்றிருக்கும்.

சண்டை ஓய்ந்தபின் ஒருநாள் மச்சான் வந்தார். மெலிந்து, முன்தலை நரைத்து, கையில் ஒரு பையோடு. வீடே கூடிவிட்டது. கூட்டம் கலைந்ததும் அக்கா அவர் எதிரே நின்று பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னாள். அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

"எனக்கு விலை சொல்லத்தான் தெரியும். இப்படியெல்லாம் அங்க யாரும் என்கிட்ட பேசினதில்லை."

"சரி, எப்பக் கிளம்புறோம்?" என்றாள் அக்கா.

"எங்க?"

"சைகோனுக்கு."

"கடை எரிஞ்சு போச்சு, சித்தப்பாவும் மவுத்தாயிட்டாரு. இனி அந்த ஊர்ப் பேச்சே வேணாம். இவ்வளவு நாள் எனக்காகக் காத்திருந்தே. இனிமே நிம்மதியா இரு."

அக்கா கோபமே இல்லாத குரலில், "நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் காத்திருந்து முடிச்சிட்டேங்க" என்றாள்.

அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புருஷனுக்காகக் காத்திருக்கிறாள் என்று ஊரே இரங்கியது. அவளோ அந்தக் காத்திருப்பை எப்போதோ முடித்துவிட்டு, தான் கப்பலேறிப் போகும் நாளுக்காகவே இருந்திருக்கிறாள்.

காரைக்கால்காரம்மாவின் குடும்பம் அதற்குள் சொந்த ஊருக்கே திரும்பியிருந்தது. அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கிப் பிரெஞ்சு சொல்லித்தர ஆள் தேவை என்று அவரிடமிருந்து தகவல் வந்தது. அக்கா போகிறேன் என்றதும் மாமியார் வீட்டில் பெரிய சண்டை. மச்சான், "போனா போனதுதான், திரும்பி வராதே" என்றுகூடச் சொன்னார். அத்தாதான், "என் மகளை நானே கொண்டுபோய் விடுறேன்" என்று கிளம்பினார். மச்சான் சில மாதங்கள் பாலக்கரையில் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி, அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். அங்கேயே சின்னதாக ஒரு துணிக்கடை போட்டார்.

அடுத்த வருடம் நான் போயிருந்தபோது அக்கா என்னை மீன் சந்தைக்கு அழைத்துப்போனாள். வழியில் பள்ளிக்கூடத்துத் துரைசானி ஒருத்தி எதிர்ப்பட, இரண்டு பேரும் நின்று பிரெஞ்சில் படபடவென்று பேசினார்கள். அக்கா கைகளை வீசிச் சிரித்தாள். எனக்கும் பாதி புரிந்தது. எளிய சொற்கள். மீன் இருக்கிறது, வெயில் அடிக்கிறது, தங்கை வந்திருக்கிறாள்.

"ராத்திரி பகலா உருப்போட்டியே அக்கா, அந்தப் பெரிய காலமெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

அவள் ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் வாங்குறதுக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்றாள்.