கரண்ட் போன மத்தியானம்

எங்கள் தெருவில் ரகசியம் பேச முடியாது. ஆரணியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடுகிறது. இரண்டு பக்கத்து வீடுகளிலும் அதே கதைதான். ‘சாப்பிட வாங்க’ என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்வோம். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறோம் என்று நினைத்து, விருந்துக்கு வந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்ததுகூட உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் நான் ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் வாராவாரம் வேலூருக்குப் புடவை கொண்டுபோவார். போன வருஷம் அந்தப் பயணத்துக்கு மட்டும் புதுச்சட்டை, சென்ட் எல்லாம் வந்தன. போன் கவிழ்ந்தே கிடக்கும்; அடித்தால் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது போனைத் திருப்பிப் பார்த்தேன்; அதில் ஒரு பெண்ணின் பெயரும், ‘சாப்டியா?’ என்ற கேள்வியும் வந்தன. என்னை அப்படிக் கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை. எங்கள் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தேவிகாபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தச் சமயத்தில் அவருடைய அக்கா கண்ணமங்கலத்திலிருந்து வந்திருந்தார்; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மத்தியானம் டிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். பட்டணத்து ஓரத்தில் புதுக் காலனி, காம்பவுண்டுச் சுவர் வைத்த வீடு, ஆபீஸ் போகும் புருஷன். அவனுக்கு இன்னொருத்தியோடு தொடர்பு. பெண்டாட்டிக்குத் தெரியும். ஆனாலும் அவன் வந்ததும் கதவைத் திறந்து, காபி கொடுத்து, சட்டையை மடித்துவைக்கிறாள். ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறாள். நல்ல படம்தான், கண்ணாலேயே பேசிவிடுகிறாள் அந்தக் கதாநாயகி. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “கேளேண்டி, வாய்ல என்னா கொழுக்கட்டையா?” என்று டிவியைப் பார்த்துத் திட்டினேன்.

தறிச் சத்தத்தில் அண்ணிக்குப் புரியவில்லை. என்ன என்பதுபோல் திரும்பினார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அவர் காதருகே குனிந்து முடிந்த மட்டும் கத்தினேன்: “உங்க தம்பியும் இப்டித்தான் அண்ணி! வேலூர்ல ஒருத்திகூட…”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறியெல்லாம் நின்று தெருவே அடங்கிவிட்டது. ஆனால் கத்த ஆரம்பித்த வாய் நிற்கவில்லை.

“…பழகிகினு இருக்காரு!”

எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். தறியறையிலிருந்து என் வீட்டுக்காரர் வெளியே வந்து நின்றார். எந்த அக்காவும் இந்த இடத்தில் தம்பிக்குத்தான் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு, நான் பெட்டியை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இவ சொல்றது நெஜமா?” என்று அண்ணி தம்பியைக் கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பேசிகினுதான் இருக்கேன்க்கா. நிறுத்திடலாம்னு நெனச்சேன்.”

“நெனச்சியா, நிறுத்துனியா?”

“நிறுத்தல.”

“அப்ப இங்கயே முடிவு பண்ணு. அவதான் வேணும்னா போ. இவளையும் புள்ளைங்களையும் நான் என் வூட்டுக்கு இட்டுகினு போறேன். அப்புறம் அக்கான்னு சொல்லிகினு வராத.”

என் பக்கம் ஒருவர் நின்று பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவ்வளவு நாள் வராத அழுகை அப்போது வந்தது. என் வீட்டுக்காரரும் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். கரண்ட் வந்து தெருவெல்லாம் தறி ஓட ஆரம்பித்தது. எங்கள் தறியை யாரும் போடவில்லை. என் எதிரிலேயே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, இனி பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று சாயங்காலம் வரை பேசினோம். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் சில நாள் எனக்குச் சுருக்கென்று தைக்கும்; நானும் சும்மா விடமாட்டேன், கேட்பேன். அவர் பதில் சொல்கிறார். எனக்கு அது போதும். அன்றைக்குக் கரண்டை நிறுத்தியது யாரோ, அவர் நன்றாயிருக்கட்டும்.

மறுநாள் அண்ணியை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். “உங்கள உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன் அண்ணி” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கண்ணமங்கலம் வழியாகப் போகும் வேலூர் பஸ் வருகிறதா என்று பார்த்தபடி சொன்னார்: “உன்ன மாதிரி நானும் ஒருநாள் கத்தியிருக்கணும். எங்க வூட்டுக்காரரு இன்னும் ஒருத்திகிட்ட போய்கினுதான் இருக்காரு. நான் கேட்டதே இல்ல.”

பஸ் வந்தது. அண்ணி ஏறினார். நானும் பின்னாலேயே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, “புள்ளைங்களுக்குச் சோறு ஆக்கிப் போடுங்க, நான் அண்ணிகூட போறேன்” என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நடத்துநரிடம் நானே சொன்னேன்: “கண்ணமங்கலம், ரெண்டு.”