சும்மா கொடுத்தாலும் வேண்டாம்

"ஏ மாமியா, திரும்பிப் படு. வெயிலு மூஞ்சில அடிக்கட்டும்."

விக்டோரியா பேசுவது மணலில் காயும் கருவாட்டோடு. ஒவ்வொரு மீனுக்கும் புருசன் வீட்டு ஆள் ஒருவரின் பெயர். வாய் பிளந்த சீலா மாமியார். நீண்டு மெலிந்த வாளை கொழுந்தன். புருசன் டெரன்சின் பெயரை மட்டும் எதற்கும் வைப்பதில்லை. "கருவாடாச்சும் நாலு காசுக்குப் போவும்லா" என்பாள். தருவைகுளத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத காக்கை கிடையாது.

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. டெரன்சின் பாட்டன் என் அத்தையைக் கட்டியவர். அவரையும், டெரன்சின் அப்பனையும், பெரியப்பனையும் நான் அறிவேன். வருசமெல்லாம் குடிப்பார்கள், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் பிறந்தால் தொடமாட்டார்கள். சாமிக்கு நேர்ச்சை. ஈஸ்டர் பூசை முடிந்ததும் விட்ட இடத்தில் தொடங்குவார்கள். மூவரும் அறுபதைக் காணவில்லை. டெரன்சுக்கும் கண் மஞ்சளாகிவிட்டது.

இந்த வருசம் தபசுகாலத்தில், குடியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் டேப்லெட்டோடு ஊருக்கு வந்தார்கள். குடி முற்றியவர்களுக்குத் தூத்துக்குடியில் இலவச வைத்தியம். அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கேள்விகள். விலை ஏற ஏற ஒருவன் எவ்வளவு குறைக்கிறான் என்று பார்த்து, குடி அவனை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அளப்பார்களாம்.

"குவார்ட்டர் ஐந்நூறு ரூபாய்னா எத்தனை வாங்குவீங்க?" என்றான் கிருபாநிதி என்ற பையன்.

"வேண்டாம்" என்றான் டெரன்ஸ்.

"அம்பது ரூபாய்னா?"

"வேண்டாம்."

"சும்மா கொடுத்தா?"

"சும்மா கொடுத்தாலும் வேண்டாம் தம்பி. தபசு நாளு. எத்தனைன்னு வாயால சொன்னாலே நேர்ச்ச முறிஞ்சிரும்."

டேப்லெட்டில் எல்லாம் பூச்சியம். டெரன்சுக்கு வைத்தியம் தேவையில்லை என்று வந்துவிட்டது.

விக்டோரியா கருவாட்டைப் போட்டது போட்டபடி ஓடினாள். "ஏலே, நேர்ச்ச இல்லாத நாளாப் பாத்துக் கேளு! இந்தாளு சாமிக்குப் பயந்து சொல்லுதாரு."

"ஒருத்தருக்கு ஒரு தடவதான்க்கா. ரூல்ஸ் அப்படி."

"கண்ணு மஞ்சளா இருக்கது உம் மெசினுக்குத் தெரியாதோ?"

அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. கூடட்டும். கண்ணெதிரே சாகப்போகிறவனைப் பூச்சியம் என்று எழுதிவைக்க ஓர் ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறதா? டெரன்சையும் அவள் விடவில்லை: "நாப்பது நாளு சாமிக்காவ இருக்கத் தெரியுதுல்லா உமக்கு? நாப்பத்தோராம் நாளு எனக்காவ இருந்தா கோயில் குருசு சாஞ்சிருமோ?"

ஈஸ்டரன்று டெரன்ஸ் குடித்தான். மறுநாள் மதியம், கண் விழித்ததும் பாட்டிலைத் தேடியவனை ஆட்டோவில் ஏற்றினாள். வழியில் டாஸ்மாக்கில் இறங்கி, ஆண்களோடு வரிசையில் நின்று, தானே ஒரு குவார்ட்டர் வாங்கினாள். தூத்துக்குடி ஆபீசில் கிருபாநிதியின் மேசைமேல் அதை வைத்தாள்.

"இப்பக் கேளு."

"அக்கா, ரூல்ஸ்..."

"கேளுலே."

அவன் டேப்லெட்டைத் திறப்பதற்குள் டெரன்சின் கை பாட்டிலுக்கு நீண்டுவிட்டது. நடுங்கிய விரல்களுக்கு மூடி மசியவில்லை. விக்டோரியா பாட்டிலை வாங்கி, கிருபாநிதியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, மூடியைத் திருகித் திறந்து புருசன் கையில் கொடுத்தாள்.