சூளகிரியில் அணைத்த எஞ்சின்

காலை ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து கிளம்பினோம். பர்கூருக்கு எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே பொறியியல் கல்லூரியில் என் மகள் சுமதிக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று நண்பகலுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அம்பாசிடரைத் தெருச் சரிவில் உருட்டித்தான் கிளப்பினேன். ஒரு மாதமாகவே அப்படித்தான். ஹாரன் கம்மிப்போனது தெரியும். சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்குவதும் தெரியும். பேட்டரி மூன்று வருடம் உழைக்கும், வாங்கி இரண்டுதான் ஆகிறது என்ற கணக்கில் இருந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு சூளகிரி. தேநீர்க் கடை முன் பழக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டேன். அது சமதரை. குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான். பேருந்துக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேத்து வண்டியில உட்கார்ந்து பாட்டுக் கேட்டியே, அதான். உன் சீட்டை நீயே கெடுத்துக்கிட்ட" என்று சுமதியைப் பார்த்துக் கத்தினேன்.

"விடுங்க சார், பாப்பாவுக்குப் பாட்டுக் காலேஜுல சீட்டோ என்னவோ" என்றார் கடைக்காரர். சிரித்தார்கள். சுமதி சிரிக்கவில்லை. இறங்கி, புதுச் சுடிதாரோடு, அவர்களோடு சேர்ந்து வண்டி கிளம்பும்வரை தள்ளினாள்.

ஒன்பதேகாலுக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு பேட்டரி கடை. கடைக்கார பாய் ஒவ்வொரு மூடியாகக் கழற்றி, கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார். பேட்டரியின் இரண்டு அறைகளில், குழாய்க்குள் இருந்த மிதவை எழவே இல்லை; அமிலத்தில் சத்தில்லை.

"ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டா இறங்கிடுமா?" என்று கேட்டேன்.

"நல்ல பேட்டரின்னா கச்சேரியே வைக்கலாம் சார். இது செத்து நாளாச்சு. உள்ள வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கு. போர் தண்ணி ஊத்துனது யாரு?"

"சர்வீஸ் கடையில ஊத்தியிருப்பாங்க."

"எந்தக் கடை?"

பணப்பையை எடுத்து நோட்டுகளை எண்ணத் தொடங்கினேன். எங்கள் வீட்டு அண்டாவில் வெள்ளையாகப் படியும் அதே போர் தண்ணீர். காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டினால் போதும் என்று நான்தான் ஊற்றினேன், ஒரு தடவை அல்ல. புனலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சுமதி. 'கடையில விக்கிற பேட்டரி தண்ணி வாங்கலாம்பா' என்றும் சொல்லியிருந்தாள்.

"அவருக்கு மறந்துடுச்சு பாய். புதுசு மாட்டிக் குடுங்க, நேரமாவுது" என்றாள்.

பதினொன்றுக்குள் பர்கூர். கல்லூரியில் சேர்த்தாகிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் கிரானைட் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். சூளகிரியில் அதே கடை முன் நிறுத்தினேன்.

"என்ன பாப்பா, இனிமே பாட்டுக் கேப்பியா?" என்றார் கடைக்காரர்.

"அவ பாட்டுக் கேட்டதால இல்லீங்க. போர் தண்ணி ஊத்திக் கெடுத்தது நான்" என்றேன். காலையில் இருந்தவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. கடைக்காரர் "அட" என்று சொல்லிவிட்டு அடுத்த தம்ளரைக் கழுவினார்.

வண்டியில் ஏறியதும், "பாட்டு போடேன்மா" என்றேன்.

கேசட் பக்கம் போன அவள் கை பாதியில் நின்றது.

"எஞ்சின் ஓடட்டும்பா" என்றாள்.