சாமிக்குத் தனித் தட்டு

எனக்கு பப்ஸ் என்றால் உயிர். ஐம்பது தாண்டியவன் இதைச் சொல்ல வெட்கப்படணும், படுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து பல்பு வெளிச்சத்தில் காய்ந்துகொண்டிருக்குமே, அந்தச் சனியனை நான் சொல்லவில்லை. கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து சேலையூர் போகிற வழியில் ஒரு சந்து முனைக் கடை. உள்ளே அடுப்போடு புருஷன், வெளியே கல்லாவில் அக்கா. பல்லாவரத்தில் ஆபீஸ் முடித்து நான் ரயிலை விட்டு இறங்கி வருவதற்கும் தட்டு வெளியே வருவதற்கும் சரியாக இருக்கும். முட்டை பப்ஸ், ஓரத்தில் கொஞ்சம் கருகினது. என் தலையைக் கண்டதுமே அக்கா எடுத்து வைத்துவிடும்.

எனக்குச் சுகர் இருக்கிறது. மைதா, டால்டா, கிழங்கு எதுவும் ஆகாது என்று டாக்டர் சொன்னதை என் மனைவி வேதவாக்காக எடுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் எனக்குச் சுண்டல் வேகவைப்பாள். நான் தெருமுனையில் நின்று மீசையையும் சட்டையையும் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன். பப்ஸ் தின்றவனைக் காட்டிக்கொடுப்பது அதன் தூள்தான். அப்புறம் பசித்தவன் மாதிரி உட்கார்ந்து சுண்டலையும் தின்பேன்.

இந்த வருஷம் சாம்பல் புதனன்று காலைப் பூசை முடிந்து வரும்போது அவள் ஒரு விஷயம் சொன்னாள். தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சுத்தபோசனம்தான், கறி மீன் முட்டை கிடையாது. அதுபோக அவரவருக்குப் பிரியமான ஒன்றையும் விடுவது வழக்கம். அவள் காபியை விட்டுவிட்டாளாம். என் சுகர் இறங்க வேண்டும் என்று நேர்ச்சையாம், இறங்குகிற வரைக்கும் ஒரு வாய்கூடக் கிடையாதாம்.

காபி இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. ராத்திரியே பில்டரில் டிகாக்‌ஷன் போட்டு வைத்துவிட்டுப் படுக்கிறவள். உனக்கெதுக்கு இந்த வேலை என்று கத்தினேன். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அன்றைக்கு மத்தியானமே தலைவலி வந்து, நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு படுத்திருப்பதாகப் போனில் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டும் என் கால் சாயங்காலம் கடைக்குத்தான் போனது.

"இன்னா சார், நெத்தில விபூதி? நீங்க சர்ச்சுக்காரர் ஆச்சே?" என்றது அக்கா. சாம்பலைத் துடைக்க மறந்திருந்தேன். தவக்காலம், நாற்பது நாள், கறி முட்டை தொட மாட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன். கையில் எடுத்த முட்டை பப்ஸை அக்கா அப்படியே தட்டில் திரும்ப வைத்துவிட்டது. அதன் புருஷன் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். விரதம் என்றால் அங்கே விளையாட்டு இல்லை. "அப்ப நீங்களும் சாமிதான்," என்றது.

அன்றிலிருந்து நான் சாமி. முட்டை வாசனை படாமல் எனக்கென்று தனித் தட்டில் காய்கறி பப்ஸ். இடுக்கியைக்கூடக் கழுவித்தான் எடுக்கும். "அது சாமிக்கு வெச்சிக்கீது, கை வெக்காதீங்க" என்று மற்றவர்களை அதட்டும். அதே மைதா, அதே டால்டா, முட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கு. என் சுகருக்கு முட்டையே தேவலாம். என்னை விரதக்காரன் என்று நினைத்து நாலு பேர் ஒதுங்கி வழிவிட, நான் நின்று தின்றேன். ஒருநாள், புருஷனுக்கு முதுகு வலி, அவருக்காக வேண்டிக்கச் சொல்லி அக்கா கேட்டது. வாய் நிறைய பப்ஸோடு தலையாட்டினேன். அவருக்காக உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். வேண்ட எனக்கு என்ன யோக்கியதை என்று முட்டி போட்டபோது கூச்சமாக இருந்தது.

தவக்காலத்தின் நடுவில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். சுகர் ஏறியிருந்தது. அவள் என்னைத் துளிகூடச் சந்தேகப்படவில்லை. தன் வேண்டுதலில்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டி, ஜெபமாலை முழுவதையும் வெறும் தரையில் முட்டி போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கே நிறுத்தியிருக்கணும். மறுநாளும் போனேன்.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து நடந்து வந்தோம். பாவம், இத்தனை நாள் வாயைக் கட்டிப்போட்டிருந்தீர்கள், இன்று ஒன்றே ஒன்று சாப்பிடுங்கள் என்று அவளாகவே அந்தக் கடையைக் காட்டினாள். கடை சுத்தமாக இருக்காது என்றேன். நேரமாகிவிட்டது என்றேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அக்காவுக்கு எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "வாங்க சாமி! வூட்டுக்காரம்மாவா? நீங்க குடுத்து வெச்சவங்கம்மா. சாமி தெனம் சாயங்காலம் வருவாரு, காய்கறி பப்ஸ்தான் துன்னுவாரு. ஒரு நாள்கூட முட்டையைத் தொடலம்மா."

எனக்கு நற்சாட்சி சொல்வதாக நினைத்துக்கொண்டு அது சொல்லிக்கொண்டே போனது. என் மனைவி சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டாள். முட்டை பப்ஸ் ஒன்று வாங்கினாள். வீட்டுக்கு வந்து தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். திட்டியிருந்தால் தின்றிருப்பேனோ என்னவோ.

நானே எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சி, எனக்குத் தெரிந்த மட்டில் ஒரு காபி போட்டுக்கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். "நான்தான் உன்னை ஏமாத்திட்டேனே. இனிமே அந்த நேர்ச்சைக்கு என்ன அர்த்தம்? குடி."

"நான் உங்ககிட்டயா நேர்ந்துகிட்டேன்?" என்றாள். "அவரு ஒண்ணும் என்னை ஏமாத்தலையே."

காபியில் ஆடை படிந்துவிட்டது. நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

இப்போது எதிர்ச்சாரியில்தான் நடக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா "சாமி" என்று கையாட்டினால் போனைப் பார்க்கிறவன் மாதிரி போய்விடுகிறேன். அந்த வாசனை மட்டும் ரோட்டைத் தாண்டி வந்துவிடுகிறது. அடுத்த டெஸ்டுக்கு இன்னும் நாளிருக்கிறது. காலையில் எனக்குச் சர்க்கரை இல்லாத காபி அவள்தான் போடுகிறாள். கொடுப்பதற்கு முன்னால் டம்ளரை ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறாள். அப்புறம் நீட்டுகிறாள். நான் வாங்கிக் குடிக்கிறேன்.