பீடாதிபதியும் பெரியாக்களின் ரியூசனும்

தலைமைப் பதவியில் சம்பளம் ஒரு வேலைக்குத்தான் தருவார்கள். ஏச்சு மட்டும் எல்லாருடைய வேலைக்கும் சேர்த்துக் கிடைக்கும். எனக்கும் நிறையக் கிடைத்தது. வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து, பல துறைகளுக்கும் தலைமை வகிக்கும் பீடாதிபதியாகி, துணைவேந்தர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்று, இப்போது மருதனார்மடத்தில் ஒரு மாடி அறையில் நிறுவனங்களின் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். நீங்களாக ஊகித்தால் அது உங்கள் பாடு. ஒரு கூட்டத்துக்காவது தலைமை தாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, யாரோடும் கதைக்காமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தவர் யாராவது உங்களில் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள்.

கால் எட்டாத கதிரை

எங்கள் பீடத்துக்கு அதுவரை ஒரு பெண் பீடாதிபதியாக வந்ததில்லை. அறைக்குள் நுழைந்த அன்றே அது தெரிந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு தேக்கங் கதிரை. ஏறி இருந்தால் என் கால் நிலத்தில் படாது. முதுகைச் சாய்த்தால் மேசை எட்டாது. தலைமை எழுதுவினைஞர் சிவபாதம் நல்ல மனிதர். பார்த்துவிட்டு, “காலுக்குக் கீழை ஒரு பலகை வைச்சு விடுறன் மிஸ்” என்றார். பலகை வேண்டாம், எனக்கு அளவான கதிரை வேண்டும் என்றேன். அது பீடாதிபதிமாரின் கதிரை, அதை வெளியே எடுத்த வழக்கமே இல்லை என்றார்.

ஓய்வறையில் இருந்து ஒரு சாதாரணக் கதிரையை நானே இழுத்துக்கொண்டு வந்தேன். பிறகு தேக்கங் கதிரையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாக அதை விறாந்தைக்குக் கொண்டுபோய் வைத்தோம். சிவபாதம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இதுக்கு முந்தி இருந்த ஒருத்தரும் கால் எட்டேல்லை எண்டு சொன்னதில்லை, மிஸ்.”

மீன் சந்தை

பேராசிரியர்களும் பீடாதிபதிகளும் கூடி முடிவெடுக்கும் சபைக்கு மூதவை என்று பெயர். அன்றைக்கு விஷயம் பரீட்சைத் தேதி. ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மூத்த பேராசிரியர், வலிகாமத்தில் தோட்டம் துரவோடு இருக்கும் குடும்பத்தவர், மேசையில் தட்டி, “இதென்ன மூதவையோ, மீன் சந்தையோ?” என்றார். சொன்ன பிறகுதான் நான் எதிரே இருப்பதைக் கண்டார். என் அப்பாவுக்கு வடமராட்சிக் கரையில் வள்ளம் இருந்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். “நான் பொதுவாச் சொன்னன் மடம், குறை நினையாதேங்கோ” என்றார்.

சிரித்து விட்டிருக்கலாம். அப்படிச் சிரித்து விட்டுவிட்டுத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்பாவின் தொழிலைக் கேட்டால் ‘வியாபாரம்’ என்று எழுதுகிறார்கள். நான் விடவில்லை. “சேர், நீங்கள் ஒருநாள் விடியக் கரைக்கு வந்து பாருங்கோ. எங்கடை ஊரிலை மீன் ஏலம் கூறேக்கை ஒராள்தான் கதைப்பார். மற்றவை தலையை ஆட்டுவினம். விலை விழுந்தால் விழுந்ததுதான். வீட்டை போய் யோசிச்சிட்டு வாறன் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. இஞ்சை ஒரு தேதி எத்தினை கூட்டமா இழுபடுது? மீன் எண்டால் இவ்வளவுக்கும் நாறியிருக்கும்.”

துணைவேந்தர் சிரிக்கவே தெரியாத மனிதர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “அப்ப மடம், மிச்ச ஏலத்தை நீங்களே கூறுங்கோ.”

கொடிகாமத்துப் பிள்ளை

கீர்த்தனா என்று ஒரு முதலாம் வருட மாணவி வந்த சில நாட்களிலேயே காணாமல் போனாள். வகுப்புக்கு வரவில்லை, ரெலிபோனை எடுக்கவில்லை. கொடிகாமத்தில் வீட்டைத் தேடிப் போனேன். தகப்பன் சந்தையில் மரக்கறி விற்பவர். தாய் எனக்குக் கதிரை போட்டுவிட்டு அழத் தொடங்கினார். நடந்தது பகிடிவதை. மூத்த மாணவர்கள் சிலர் இவளைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, அசிங்கமான வசனங்களைச் சொல்லிப் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மறுத்ததற்குக் கன்ரீனுக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, வெயிலில் முழங்காலில் இருத்தியிருக்கிறார்கள்.

விசாரணை வைக்கிறேன், நீ வந்து சொல்ல வேண்டும் என்று கீர்த்தனாவிடம் சொன்னேன். “வேண்டாம் மிஸ், மற்றப் பிள்ளையளும் உதெல்லாம் பட்டுத்தானே படிக்கினம்” என்றார் தாய். “பேரை வெளியிலை விடமாட்டியளோ?” என்று தகப்பன் கேட்டார். விடமாட்டோம் என்று வாக்குக் கொடுக்க வாயெடுத்தேன். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கீர்த்தனா என்னை மறித்தாள்: “நான் வந்து சொல்லுறன் மிஸ், ஆனா என்ரை பேரை மறைக்கக் கூடாது, பேரோடை சொன்னால்தான் அவங்களுக்குச் சுடும்.”

வாசலில் போராட்டம்

அவள் வந்தாள், பேரோடு சொன்னாள். விசாரணைக் குழு உண்மையென்று கண்டது. சம்பந்தப்பட்டவர்களை நான் இடைநிறுத்தினேன். அவர்களில் ஒருவன் பல்கலைக்கழகப் பேரவை உறுப்பினர் ஒருவருடைய தங்கையின் மகன், மருமகன் முறை. நிர்வாகத்தில் கடைசிச் சொல் அந்தப் பேரவையுடையது. அடுத்த நாள் காலை என் அலுவலகக் கந்தோர் வாசலில் ஒலிபெருக்கியோடு கூட்டம். ‘பீடாதிபதியே வெளியேறு’ என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை. பாதுகாப்பு ஊழியர் ஓடி வந்து, பின்கதவால் போய்விடுங்கள், ஓட்டோ ஆயத்தமாக நிற்கிறது என்றார்.

பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பின்கதவால் ஒருநாள் போனால் அதற்குப் பிறகு அதுதான் என் வாசலாகிவிடும். கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், அவர்களுக்கு நேரெதிரே போட்டு இருந்தேன். கத்துகிற ஒவ்வொருவனுடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் நான் படிப்பித்த பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் கோஷம் தடுமாறியது. ஒருவன் சொல்ல மற்றவன் திருப்பிச் சொல்லவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் ஒலிபெருக்கி பிடித்திருந்தவன், என்னிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த இறுதி வருட மாணவன், அதைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்து குனிந்து சொன்னான்: “மிஸ், தயவு செய்து உள்ளுக்குப் போங்கோ, நீங்கள் பாத்துக்கொண்டிருந்தால் எங்களுக்குக் கத்த வரேல்லை.”

மாம்பழம்

துணைவேந்தர் பதவி வெற்றிடமானது. விண்ணப்பித்தேன். தகுதி இருந்தது, விருப்பமும் இருந்தது. பெண்கள் விருப்பம் இருக்கிறது என்று வெளியில் சொல்லக்கூடாது என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. அதையும் மீறி, வேண்டும் என்றே எல்லாரிடமும் சொன்னேன். ஒரு பின்னேரம் அந்தப் பேரவை உறுப்பினர், அதுதான் மருமகனின் மாமா, எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம். ஊர்க் கதை, மழைக் கதை எல்லாம் கதைத்தார். பிறகு, “பொடியன்ரை இடைநிறுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் பேரவையிலை உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது மடம்” என்றார்.

வந்தபடியே பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். என் கணவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், மாம்பழத்தில் பெரிய பிரியம். பெட்டி படலை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவரை இன்னொரு தரமும் கலியாணம் முடிக்கலாம்.

பேரவை வாக்கெடுப்பில் தோற்றேன். கிட்டவும் இல்லை, நன்றாகவே தோற்றேன். ஒரு கிழமை வரைக்கும் சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன். பிறகு முன்கூட்டியே ஓய்வு பெற எழுதிக் கொடுத்தேன். இடைநிறுத்தம் அதன் காலம் முடியும்வரை அப்படியே இருந்தது. கீர்த்தனா முன்வரிசையில் இருந்து படித்துப் பட்டம் வாங்கினாள். நான் வெளிக்கிட்ட நாளில், கூடவே வேலை செய்த பேராசிரியர் ஒருவர் வாகனம்வரை வந்து வழியனுப்பினார். கையைப் பிடித்துக்கொண்டு மனம் உருகிச் சொன்னார்: “நீங்கள் செய்ததுதான் சரியெண்டு எல்லாரும் சொல்லுகினம் மடம், உங்களுக்கு எதிரா வாக்குப் போட்டவையும் சொல்லுகினம்.”

பெரியாக்களின் ரியூசன்

வீட்டில் இருந்து பழக்கமில்லை. நிறுவனங்களை நடத்துபவர்களோடு தனியாக இருந்து கதைத்து, அவர்கள் எங்கே தடக்குப்படுகிறார்கள் என்று அவர்களையே கண்டுபிடிக்க வைக்கும் ஒரு தொழில் உண்டு. கொழும்பில் படித்து அதற்கு ஒரு சான்றிதழ் எடுத்தேன். மருதனார்மடச் சந்தியில் மாடியில் ஒரு அறை எடுத்து, ‘தலைமைத்துவக் கோச்சிங்’ என்று பலகை போட்டேன். முதல் வந்தவர் கொழும்புக் கோச்சிக்கு இருக்கை பதிய வந்தார். ரெயில் நிலையம் இங்கே இல்லை என்று அனுப்பி வைத்தேன்.

இரண்டாவது, ஒரு தாய். மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்து, சாதாரண தரக் கணிதத்துக்கு எந்த நாளில் வகுப்பு என்று கேட்டார். இது பிள்ளைகளுக்கு இல்லை. வங்கி முகாமையாளர், வைத்தியசாலைப் பணிப்பாளர், கம்பனி நடத்துபவர்கள், அப்படியானவர்களுக்கு என்று விளங்கப்படுத்தினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அவைக்கும் விளங்குறேல்லையோ, பாவம்” என்றார். கீழே இறங்கும்போது மகனுக்குச் சொன்னது மாடிவரை கேட்டது: “பாத்தியோ, இப்ப படியாட்டி உப்பிடித்தான் வயசுபோன நேரத்திலை ரியூசனுக்குப் போகவேண்டி வரும்.”

புத்தூர் முதலாளி

புத்தூரில் மரக்கறி, பழங்களைப் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பனி. முதலாளி நெடுங்காலம் கனடாவில் இருந்துவிட்டு வந்தவர். தன் முகாமையாளர் தவராசாவை, ‘வாய் திறக்கிறான் இல்லை, திருத்தித் தாங்கோ’ என்று என்னிடம் அனுப்பினார். தவராசா முதல் நாள் முழுக்க மேசை விளிம்பைத்தான் பார்த்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் கதைத்தார். தான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் முதலாளி அதற்கு மறுமொழி சொல்லி முடித்துவிடுவதாகவும், வேலையை விடத் தீர்மானித்துவிட்டதாகவும், வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னார். அன்றைக்கே முதலாளி ரெலிபோன் எடுத்தார். “என்னவாம் அவன்?” அது அவருக்கும் எனக்கும் இடையில் என்றேன். “காசு குடுக்கிறது நான்!” “அப்ப இதோடை நிப்பாட்டுவம்.” அந்த நேரம் எனக்கு இருந்த ஒரேயொரு வாடிக்கையாளர் அவர்தான். பட்டென்று வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை முதலாளி தானாகவே படியேறி வந்தார். தவராசா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. “இப்ப நான் என்ன செய்ய வேணும்?” என்றார். ஒரே ஒரு கூட்டத்தில், தவராசா கதைத்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருக்கச் சொன்னேன். நானும் போய் மூலையில் இருந்தேன். தவராசா தொடங்கினார். முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டார், முகம் சிவந்தது, ஒரு போத்தல் தண்ணீரை முழுதாகக் குடித்தார். தவராசா முடித்ததும், பொதிசெய்யும் பெண்களில் ஒருவர் எழும்பிப் பெட்டிகள் வெயிலில் கிடந்து பழுதாகும் விஷயத்தைச் சொன்னார். இவ்வளவு காலமும் அதைச் சொல்ல அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தவராசா வேலையை விடவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்த முதலாளி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “ஒருநாள் கதைக்காமல் இருக்கவே எனக்கு இந்தப் பாடெண்டால், இவ்வளவு காலமும் அவன் என்னெண்டு இருந்தவன்?”

விட்ட வசனம்

நிரோசா ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் அதிபர். வேலை நேரத்தில் வெளியே போய்த் தனியார் வகுப்பு எடுக்கக் கூடாது என்று ஆசிரியர்களுக்கு அவர் கட்டளை போட்டார். ஆசிரியர்கள் முகாமைக் குழுவிடம் முறையிட்டார்கள். அவருடைய கட்டளையை ரத்துச் செய்து, அவரைப் பதவி விலகக் கேட்க ஒரு கூட்டம் ஏற்பாடானது. கூட்டத்துக்கு முதல் நாள் என்னிடம் வந்தார். “மிஸ், எனக்குச் சட்டமெல்லாம் தெரியும். கோபம் வந்தால் அழுகை வரும், அதுதான் பிரச்சினை. அழாமல் இருக்க ஒரு வழி சொல்லித் தாங்கோ.”

அதற்கு வழி இருப்பதாகச் சில புத்தகங்கள் சொல்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. “அழுகை வந்தால் அழுங்கோ பிள்ளை. ஆருக்கும் மன்னிப்புக் கேக்காதேங்கோ. அழுது முடிய, விட்ட வசனத்திலை இருந்து திருப்பித் தொடங்குங்கோ” என்றேன். அன்று பின்னேரம் முழுக்க அதைத்தான் பழகினோம். நான் முகாமைக் குழுவாக இருந்து குறுக்கே குறுக்கே கத்தினேன். அனுபவம் இருந்ததால் நன்றாகவே கத்தினேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவருடைய அழைப்பு வந்தது. ஒரே மூச்சில் சொன்னார்: “ரெண்டு தரம் அழுதனான் மிஸ், ரெண்டு தரமும் விட்ட வசனத்திலை இருந்து தொடங்கினனான், கட்டளையை ரத்துச் செய்து போட்டினம், விலகச் சொல்லிக் கேட்டினம், நான் மாட்டன் எண்டிட்டன், நாளைக்கும் கந்தோருக்குப் போறன்.”

இத்தனை காலத் தொழிலில் நான் சேர்த்தது அநேகமாகப் பகைதான், ஆனால் அதில் ஒன்றுகூடத் தரம் குறைந்தது இல்லை.