கறியில் ஏது சீனி?

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். வில்லாபுரத்தில் இருக்கிறோம். போன வருடம் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்களுக்கு ரத்தத்தில் கொழுப்பும் ஏறியிருக்கக்கூடும், அதையும் சோதித்துவிடுங்கள் என்றார் டாக்டர். அப்பா அன்றே சீனியை நிறுத்தினார். சோதனை மட்டும் அறுவடைக்குப் பிறகு என்றார்.

அதற்குள் குலசாமி கோவிலில் கிடாவெட்டு வந்தது. என் தாய்மாமா கொழுப்புத் துண்டாகப் பார்த்து அப்பா இலையில் வைத்தார்.

"வேணாம் மாமா, டெஸ்ட் எடுக்கணும்" என்றேன்.

"கறியில ஏதுடா சீனி? நாலெழுத்துப் படிச்சதும் ஒனக்குத்தான் கொழுப்பு ஏறிருச்சு மாப்ள!"

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்து, "இம்புட்டுதானா? இன்னும் வையி மச்சான்" என்றார்.

அறுவடை முடிந்து ரத்தம் எடுத்தபோது, குழாயில் சிவப்பு அடியில் தங்கி, மேலே கொழுப்பு பால் போல வெள்ளையாக நின்றது. டாக்டர் சத்தம் போட்டார்.

"சீனியத் தொடவே இல்லைங்களே" என்றார் அப்பா. மருந்து தொடங்கிய வாரமே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

காரியம் முடிந்த கறிச்சோற்றுப் பந்தியில், "சீனி கொன்னுருச்சே எம் மச்சான!" என்று அழுத மாமா, அழுகையோடே நல்லி எலும்பு கேட்டு வாங்கினார்.

இப்போதெல்லாம் தெரிந்தவர் யாருக்குச் சர்க்கரை என்றாலும், வெறும் வயிற்றோடு சைக்கிளில் ஏற்றி நானே கொழுப்புச் சோதனைக்குக் கூட்டிப்போகிறேன். மாமாவுக்கும் சர்க்கரை வந்திருக்கிறது. வாசலில் போய் நின்றால், "நீ போ மாப்ள, பின்னாடியே வாரேன்" என்கிறார். வருவதில்லை. நாளைக்கும் போய் நிற்பேன்.